ஒரு காது அப்பாவுக்கு

என்னைப் பெண் பார்க்க வந்தவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. அவர் எதற்காக வந்தார் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருடைய சர்க்கரை தெரிந்துவிட்டது.

உதியன்குளங்கரை ஜங்ஷனில், மெயின் ரோட்டிலிருந்து நாலு படி ஏறினால் நான் வேலை பார்க்கும் லேப். காலை ஆறரைக்குத் திறப்பேன். ஆறேகாலுக்கே படியில் ஆள் உட்கார்ந்திருக்கும். காப்பி குடிக்காமல் வந்தவர்களுக்கு உலகத்தின் மேலேயே ஒரு கோபம் உண்டு, அதை முதலில் என்மேல்தான் இறக்கி வைப்பார்கள். அன்றைக்கு நாலாவதாக வந்தவர் கோபப்படவில்லை. ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது, இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கையில் ஈரம் சொட்டும் குடை. குடையை வாசலுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஒழுங்காக மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை முறுக்கிப் பிடிங்க" என்றேன்.

"சிஸ்டரே, வலிக்குமா?"

"எறும்பு கடிச்சாப்பில இருக்கும்." ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வாசகம் அது. எறும்பு கடித்தாலும் வலிக்கத்தான் செய்யும் என்று இதுவரை ஒருவரும் திருப்பிச் சொன்னதில்லை.

நல்ல நரம்பு. தேட வைக்கவில்லை. சாம்பல் மூடிக் குழாயில் ரத்தம் இறங்கியதும் பட்டையை அவிழ்த்து, பஞ்சை வைத்து, "போய்ச் சாப்பிடுங்க. சாப்பிட்டு முடிச்சதிலேருந்து ரெண்டு மணிக்கூர் கழிச்சு வரணும், இடையில ஒண்ணும் திங்கக் கூடாது" என்றேன். "வாறேன் சிஸ்டர்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணை சிஸ்டர் என்று கூப்பிட்டதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் ஊசி பிடித்த பெண்ணெல்லாம் சிஸ்டர்தான்.

எட்டரைக்கு அண்ணன் போன் பண்ணினார்.

"மக்கா, ஆளு வந்தாரா? நீலச் சட்டை?"

"எந்த ஆளு?"

அண்ணன் கொஞ்சம் இருமினார். இருமினால் அவர் ஏதோ செய்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பெண் பார்த்தல் இப்படித்தான், சிரிஞ்சுக்கும் பஞ்சுக்கும் நடுவில், எனக்குத் தெரியாமல் பாதி நடந்து முடிந்தது.

இதற்குக் காரணம் உண்டு. அப்பா போய் அப்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களிடம், வீட்டில் பெரியவர் ஒருவர் போனால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எதுவும் கிடையாது. கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருந்தால் மட்டும் வருஷத் திதியான ஆண்டு பலி வருவதற்குள் அவள் கல்யாணத்தை நடத்திவிடலாம். அதை விட்டால் பிறகு மூன்று வருஷம் பேச்சே எடுக்கக் கூடாது. எனக்கு முப்பத்தொன்பது வயது. மூன்றைக் கூட்டினால் நாற்பத்திரண்டு. இந்தக் கூட்டலை அண்ணனும், அண்ணன் மனைவியான மைனியும் பதினொரு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் லட்டும் மிக்சரும் தட்டில் அடுக்கிப் பெண்ணு காணல் நடத்த மைனிக்கு மனசு வரவில்லை. ஆகவே லேப். அவருக்கும் எப்படியும் சுகர் பார்க்க வேண்டியிருந்ததாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "செரி" என்று சொல்லி போனை வைத்துவிட்டு அடுத்த ஆளின் கையில் பட்டையைக் கட்டினேன். அந்த ஒரு வருஷம் முழுக்க எனக்கு எல்லாம் அப்படித்தான் இருந்தது. ரப்பர் பட்டையை அவிழ்க்க மறந்தால் கை மரத்துப்போகும், தொட்டால் வேறு யாருடைய கையையோ தொடுவது போலிருக்கும். எனக்கு யாரோ கட்டிவிட்டு அவிழ்க்காமல் போயிருந்தார்கள்.

கட்டியது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் நெய்யாற்றின்கரையில் வீடு கட்டிக்கொண்டு போனார். பாறசாலைக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டினால் தமிழ்நாடு என்கிற எங்கள் பழைய வீட்டில் நானும் அப்பாவும். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சைக்கூட அரசாங்கக் காகிதம் போல அளந்து செலவழிப்பார். பாட்டு என்றால் அவருக்கு, ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் இடைஞ்சல். தளர்வாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துபோனபோது எனக்கு முப்பத்து நாலு. அதற்குப் பிறகு நாலு வருஷம், காலையில் லேப், பதினொன்றரைக்கு மேல் அப்பா. நான் வரும்வரை பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவுக்கு நாக்கு குழறும். போனில் அண்ணனிடம் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். உரக்கக் கூப்பிட முடியாது. அதனால் ஜன்னல் திட்டில் ஒரு ஸ்டீல் டம்ளரும் ஸ்பூனும் வைத்திருந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டுவார். தண்ணீருக்கு இரண்டு தட்டு, மூத்திரத்துக்கு விடாத தட்டு. நான் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அது எனக்குக் கேட்கும்.

அந்த வருஷங்களில்தான் ஜாஸ் வந்தது. தேடிப் போகவில்லை. பூவாரில், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் படகில் மட்டும் போகக்கூடிய ஒரு ரிசார்ட்டில், வேலைக்காரர்களின் ஹெல்த் கார்டைப் புதுப்பிக்க ரத்தம் எடுக்க வருஷம் ஒருமுறை லேபிலிருந்து போவோம். தண்ணீரைப் பார்த்த பெரிய ஹாலில் ஒரு ஓரமாக என் மேசை. இன்னொரு ஓரத்தில் மூன்று பேர் ஞாயிறு மத்தியான விருந்துக்கு வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பியானோ. ஒருவர் ஆளுயர வயலின் போன்ற ஒன்றைக் கட்டிப் பிடித்து விரலால் சுண்டிக்கொண்டிருந்தார், அதற்குப் பேஸ் என்று பெயர். மூன்றாமவர் சாக்ஸபோன். முதல் பத்து நிமிஷம் மூன்று பேரும் தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். சந்தைக்குப் புறப்பட்டவர் வழியில் நாலு வீட்டில் ஏறி இறங்கி, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நிற்பது போல அந்தப் பாட்டு நின்றது. பிறகு யாரும் எதிர்பாராத நேரத்தில் காய்கறிப் பையோடு வாசலில் வந்து நின்றது. முப்பத்திரண்டாவது ஆளுக்கு ஊசி போடும்போது நான் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோனார்.

வரிசையில் கடைசி ஆள் சாக்ஸபோன்காரர். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், நான் சமையல்காரன் இல்லே, ஊதுறவனாக்கும். எனக்கு என்னத்துக்கு ரத்தம்?"

"ஊதுறவனுக்கும் ரத்தம் உண்டுல்லா? நீட்டுங்க."

சர்ச் திருநாள்களில் பேண்டு செட்டில் சிவப்புக் கோட்டு போட்டு ஊதுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறுப்புச் சட்டை போட்டு இங்கே. ஊசி எடுக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வலிக்கவில்லை என்ற சந்தோஷத்தில், நான் கேட்டதும் நாலைந்து பாட்டுகளை என் போனுக்கு அனுப்பினார். எங்கள் இருவருக்கும் இடையில் வேறு ஒன்றும் இருந்ததில்லை. ஊரில் சிலர் இருந்ததாகச் சொல்வார்கள், சொல்லட்டும்.

அவர் அனுப்பியதில் ஒன்று பதினொரு நிமிஷம் ஓடும். அதில் சாக்ஸபோன் நடுவில் நிறுத்திவிடும். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் பேஸ் மட்டும் தனியாக, அவசரமில்லாமல், யாருக்கும் எதுவும் நிரூபிக்க வேண்டாதது போல நடக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அதைத் தினமும் கேட்டேன். மத்தியானம் அப்பா கஞ்சி குடித்துப் படுத்த பிறகு, பின்பக்கம் துணி மடிக்கும்போது கேட்பேன். எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். இயர்போன் ஒயரின் ஒரு முனை வலது காதில். இடது காது திறந்திருக்க வேண்டும், அது அப்பாவுக்கு.

வெளியே சத்தமாக வைக்கலாமே என்று தோன்றியதில்லையா என்றால், தோன்றியது. அப்பா முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அது பாதி நிஜம். மீதி, அந்த வீட்டில் எனக்கென்று ஒன்றாவது இருக்கட்டும் என்ற பிசினாரித்தனம்.

கர்க்கடக மாதம் அது, தமிழுக்கு ஆடி. மதியம் இரண்டரை. அப்பாவின் வாயைத் துடைத்து, சரித்துப் படுக்க வைத்துவிட்டுப் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வந்தேன். நாலு நாளாகக் காயாத விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பாட்டை வைத்தேன். மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. பேஸ் தனியாக நடக்கும் இடம் வந்தபோது மழைதான் கேட்டது. இரண்டாவது முனையையும் எடுத்து இடது காதில் வைத்தேன். யோசித்துச் செய்ததில்லை. அரித்த இடத்தைச் சொறிவது போலச் செய்ததுதான். நன்றாக இருந்தது. முடிந்ததும் இன்னொரு முறை முதலிலிருந்து வைத்தேன்.

அந்தப் பதினொரு நிமிஷமும் கழிந்து உள்ளே போனபோது டம்ளர் தரையில் கிடந்தது. ஸ்பூன் கட்டிலுக்கு அடியில். அப்பாவின் இடது கை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. நாடி தேடுவது எனக்குத் தொழில். தேடினேன். இல்லை.

அதற்கு அடுத்து நான் செய்த முதல் காரியம் டம்ளரை எடுத்தது. எடுத்து, சுரிதார் முனையால் துடைத்து, ஸ்பூனையும் தேடி எடுத்து, ஜன்னல் திட்டில் அதனதன் இடத்தில் வைத்தேன். பிறகுதான் அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"கடைசியா உன்னைக் கூப்பிட்டாரா மக்கா?"

"இல்லே. உறக்கத்தில போயிட்டாரு."

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. உறக்கத்தில் போனார், புண்ணியம் செய்த ஆத்மா, மகள் பார்த்த பார்வை அப்படி. பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் சாம்பார் நன்றாக இருந்தது என்று சொன்ன அதே மூச்சில் அதையும் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. "அழு மக்கா, அழுதாத்தான் நல்லது" என்று பெண்கள் மாற்றி மாற்றித் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அழாத மகளைப் பார்த்தால் துட்டிக்கு வந்தவர்களுக்கு வந்த காரியம் முடியாதது போல இருக்கும். என்னால் அவர்களுக்கு உதவ முடியவில்லை.

ஒரு வருஷத்துக்கு வீட்டில் டிவியும் பாட்டும் வேண்டாம் என்றார் அண்ணன். எனக்கு அது கஷ்டமாக இல்லை. அந்த ஒயரை அலமாரியில் போட்டுவிட்டிருந்தேன்.

அப்பா போய் மூன்றாம் மாதம், ஹெல்த் கார்டு ரத்தத்துக்காக மறுபடி பூவார். சாக்ஸபோன்காரர் மறுபடி கடைசியில் நின்றார். விஷயம் கேள்விப்பட்டிருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தெரியாத ஆள். "ஞாயிறு பத்து மணிக்கு வாசிச்சுப் பழகுவோம். பின்பக்கம் துணி அடுக்குற எடத்தில இருந்தா ஆரும் கேக்க மாட்டாவ" என்றார். அடுத்த ஞாயிறு படகேறிப் போனேன். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும்.

வெளுத்த விரிப்புகள் அடுக்கிய மரப் பலகைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சோப்பு வாசனை. ஹாலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு திரை. அங்கே யாருக்கும் நான் வேண்டாம். எந்தப் பக்கமிருந்தும் டம்ளர் தட்டும் சத்தம் வராது என்பது என் காதுகளுக்குப் புரிய நாலைந்து வாரம் ஆனது. புரிந்த அன்றைக்கு இரண்டு மணி நேரம் எதையும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமா என்றால் தெரியாது. மரத்துப்போனது அப்படியேதான் இருந்தது, ஆனால் அங்கே அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அமைதி என்றால் அதுதான். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஸ்டூல் அளவு.

இப்போது நீலச் சட்டைக்காரர். பத்து மணிக்குத் திரும்பி வந்தார். அப்போது லேபில் கூட்டம் இல்லை. நான் யாரென்று அவருக்கும், அவர் யாரென்று எனக்கும் இப்போது தெரியும் என்பதால் சட்டைக் கையை மடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"புட்டும் கடலையும்." பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்வது போல, "ஒரு பழமும்" என்றார்.

ரத்தம் எடுத்தேன். அவர் போகவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார். மின்சார ஆபீஸில் ஓவர்சீயர். மனைவி போய் ஆறு வருஷம். ஒரே மகள், பெங்களூரில் வேலை. "ஞாயிற்றுக்கிழமை பூவாரில பாட்டு கேக்கப் போவீங்கன்னு சொன்னாவ. தப்பா நெனைக்கப்பிடாது, அங்க ஆராவது உண்டா?"

"இல்லே. பாட்டு மட்டும்தான்."

தலையாட்டினார். நம்பிவிட்டார். இவ்வளவு சுலபமாக நம்புகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அப்பாவைக் கடைசி நிமிஷம் வரைக்கும் பாத்த பெண்ணுன்னு ஒங்க அண்ணன் சொன்னாரு. அதைக் கேட்டுதான் வந்தேன்" என்றார்.

அந்தக் கடைசி நிமிஷத்தை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குள் போக முடியாது என்று அப்போது தெரிந்தது. பதினொரு மாதம் யாரிடமும் சொல்லாததை, ஒரு காலையில் நான் இரண்டு முறை ரத்தம் எடுத்த மனிதரிடம் சொன்னேன். ஒயர், மழை, டம்ளர், டம்ளரைத் துடைத்தது, உறக்கத்தில் போனார் என்றது. என் குரல் ரிப்போர்ட் வாசிப்பது போல இருந்தது.

அவர் பஞ்சை எடுத்துத் தொட்டியில் போட்டார். பிறகு, மனசிலிருந்து பேசும்போது இங்கே பலரும் செய்வது போல மலையாளத்துக்கு மாறி, "அதொக்க ஆர்க்கும் பற்றுந்நதல்லே" என்றார். யாருக்கும் நடக்கிறதுதானே என்று. திரும்பத் தமிழுக்கு வந்து சொன்னார், "எனக்க வீட்டில படுக்கையில ஆரும் இல்லே. நீங்க ரெண்டு காதிலயும் வச்சுக்கலாம்."

அதைவிட நல்ல வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை. மைனி கேட்டிருந்தால் அப்போதே தேதி குறித்திருப்பாள். நானும் காத்திருந்தேன், எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று. ஒன்றும் அசையவில்லை. அவரை எனக்குப் பிடிக்காமல் இல்லை. எதையும் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. மன்னித்துவிட்டார், ஆனால் மன்னிக்க வேண்டியவர் அவரில்லை.

"ஆண்டு பலிக்கு முன்னால ஒரு பதில் சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு இறங்கிப் போனார். சாப்பிட்ட பிறகு சர்க்கரை நூற்று அறுபத்திரண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ரிப்போர்ட்டின் கீழே எழுதினேன்.

பலிக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டிய நாள்கள் ஒவ்வொன்றாகப் போயின. மைனி தினமும் கேட்டாள். கடைசி ஞாயிறு பூவாரில் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் வீட்டில் யாரும் டம்ளரைத் தட்ட மாட்டார்கள்தான். ஆனால் என் இடது காது பழகிவிட்டது. அங்கேயும் அது வாசல் பக்கமே நிற்கும், அவர் குளியலறையில் இருமினால் ஓடும். இரண்டு காதிலும் வைத்துக்கொள்ள அவர் சம்மதம் போதாது. அது என்னால் முடிய வேண்டும். முடியாமல் ஒரு நல்ல மனிதரின் வீட்டுக்குள் போய் உட்காருவது அவருக்கும் சொல்கிற இன்னொரு பொய். அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், உள்ளதைச் சொல்லி. "செரி. சுகர் பாக்க வாறேன்" என்று பதில் வந்தது.

அண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்தது. பலி அன்று காலையில் அவரும் மைனியும் வந்தார்கள். தெற்குப் பக்கம், அப்பாவை எரித்த இடத்தில் நட்ட தென்னம்பிள்ளை இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அதற்கு முன்னால் அண்ணன் ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். சோற்று உருண்டையை வைத்துவிட்டு, காக்கையைக் கூப்பிட ஈரக் கையைக் கொட்டினார். மூன்றாவது கொட்டுக்கே காக்கை வந்துவிட்டது. அப்பா சாப்பாட்டு நேரத்தில் தாமதித்ததே இல்லை.

மைனி அடுக்களைக்குப் போனதும் அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பாவின் அறைக்குள் வந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். டம்ளரும் ஸ்பூனும் அப்போதும் திட்டில்தான் இருந்தன.

"என்ன மக்கா, அவருக்கு என்ன பதில் சொல்ல?"

"நான் சொல்லியாச்சு. வேண்டாம்னு. எனக்கு அந்த மூணு வருஷம் வேணும்."

"மூணு வருஷமா?" துண்டைக் கட்டிலில் எறிந்தார். "ஊரில உள்ளவன் எல்லாம் அந்த மூணு வருஷத்துக்குப் பயந்து ஓடுகான், நீ அதைக் கேட்டு வாங்குதியா? நாப்பத்திரெண்டு வயசில ஆரு வருவா ஒனக்கு?"

"ஆரும் வர வேண்டாம். வந்தா அப்பம் பாக்கலாம். ஒரு பொய்யை வச்சுக்கிட்டு இன்னொரு வீட்டில ஏற முடியாது."

"என்ன பொய்?"

சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் அப்பாவின் மகன், அந்த டம்ளர் சத்தம் தெரிந்தவர், அதனால் டம்ளர் வரும் இடத்தில் சொல்வதை விட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். திட்டிலிருந்து அதை எடுத்துத் தரையில் கிடத்திக் காட்டினேன். இப்படிக் கிடந்தது என்று.

அண்ணன் வெறும் கட்டிலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் குனிந்து டம்ளரை எடுத்து மடியில் வைத்தார். பிறகு இருமினார்.

"அப்பா போறதுக்கு ஏழெட்டு நாளு முந்தி போனில எங்கிட்ட ஒரு காரியம் சொன்னாரு. ‘எலே, அவ காதில வச்சிருக்க அந்தப் பாட்டுக் குந்தத்தை ஒருக்கா வெளியில வைக்கச் சொல்லு. என்னவாக்கும் அப்பிடிக் கேக்கான்னு எனக்கும் கேக்கணும்’னாரு. அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு." அண்ணன் மூக்கைத் துடைத்தார். "ஒங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன் மக்கா. ஆபீஸ் அலைச்சல்ல மறந்து போச்சு. பொறவு பதினாறுக்குதான் ஓர்மை வந்தது. அப்பம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

அப்பா என்னிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார். என்னுடையது என்று நான் வைத்திருந்த ஒன்றே ஒன்றைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மேலதிகாரி வழியாக மனு கொடுத்திருக்கிறார். மனு அங்கேயே கிடந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷமாக ஒரே ஆளிடம் பட்ட கடனை மறைத்துக்கொண்டு, என் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று அப்போது புரிந்தது. அவருடைய அவசரத்தின் மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது. வேறு எதுவும் அதன் இடத்துக்கு வரவில்லை.

"ஆண்டு முடிஞ்சாச்சுல்லா" என்றார் அண்ணன். "இப்பம் வை."

போனை எடுத்தேன். ஒரு வருஷமாகத் திறக்காத அந்தப் பதினொரு நிமிஷப் பாட்டைத் தேடினேன். ஒயர் இல்லாமல், சத்தத்தை முழுசாகக் கூட்டி, ஜன்னல் திட்டில் டம்ளர் இருந்த இடத்தில் வைத்தேன். தெற்குப் பக்கத்து ஜன்னல் கதவைத் திறந்தேன். தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் காக்கை இன்னும் உருண்டையைக் கொத்திக்கொண்டிருந்தது, சாக்ஸபோன் தொடங்கியதும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. மைனி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலாவது நிமிஷத்தில் அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். "அப்பா இதைக் கேட்டிருந்தா, ‘நிறுத்து சவத்தை’ன்னு சொல்லியிருப்பாரு."

"ஆமா" என்றேன். "அதையாவது கேட்டிருப்பேன்."

பாட்டு இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் அதை முழுக்கக் கேட்டோம்.